'ஏழரை'யின் கடைசி மேடை

போன வாரம் அக்காவை மாடிப்படியில், கையில் இஸ்திரி போட்ட சட்டையோடு நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். பாவம், ஒரு வாரமாகக் கால் கடுக்க நிற்கிறாள். முதலில் அவளை மேலே ஏற்றிவிடுவோம்.

அதற்குமுன், புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி.

'ஏழரை' என்பது நம் அக்காவின் ஊர் இசைக்குழு. எங்கே கச்சேரி என்றாலும் மாலை ஏழரைக்குத்தான் ஆரம்பிப்பார்கள், அதனால் அந்தப் பெயர். "வேற பேரே கிடைக்கலையா, ஏழரையை இழுத்து வீட்டுக்குள்ள விடறானுங்க" என்று ஆரம்பத்தில் ஊர் சிரித்தது. பிறகு அதே ஊர்தான் நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்று கேட்டது.

அதில் டிரம்ஸ் வாசிப்பவன் அக்காவின் கூடப்பிறந்த தம்பி. பகலில் டயர் கடையில் வேலை என்பதால் குழுவில் அவனுக்கு 'டயர்' என்றே பெயர். மைக், ஒலிபெருக்கி எல்லாம் அக்காவின் வீட்டுக்காரர் பொறுப்பு. அவரை ஊரே சவுண்டுக்காரர் என்றுதான் கூப்பிடும்.

அக்கா எதுவும் வாசிக்க மாட்டாள். கேட்பாள். குடிநீர் வாரியத்தின் புகார்த் தொலைபேசியில் வேலை, ஆகவே கேட்பதுதான் பிழைப்பு. குழு தொடங்கிய நாள் முதல் ஒரு கச்சேரி விடாமல் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்டவள். கச்சேரி முடிந்து வயரைச் சுருட்டும்போது எல்லோரும் அவளிடம் வந்து நின்று "எப்படிக்கா?" என்பார்கள். எங்கே சுருதி இறங்கியது, எங்கே வேகம் ஓடியது, எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அதுதான் தீர்ப்பு.

அந்த 'ஏழரை' கலைகிறது. இன்று மாலை கடைசிக் கச்சேரி. ரசிகர்கள் சார்பில் அக்கா பேச வேண்டும். காலையில் தம்பியின் மேடைச் சட்டையைக் கொடுக்கப் பயிற்சி அறைக்கு மாடி ஏறினாள். மேலே டிரம்ஸ் சத்தம். அந்த நேரம் பார்த்துக் கைப்பையில் செல்போன் அடித்தது. பேசியவன் தம்பி. "அக்கா, நான் கடையிலதான் இருக்கேன். சட்டையை இங்கயே கொண்டாந்துடு."

தம்பி கடையில் என்றால், மேலே வாசிப்பது யார்?

*

அக்கா உடனே கதவைத் தள்ளவில்லை. நின்று கேட்டாள். பழக்கதோஷம்.

உள்ளே ஓடிக்கொண்டிருந்தது மழைப் பாட்டு. ஊருக்கே மனப்பாடமான பாட்டு. இரண்டாவது சரணம் முடிந்து திரும்பும் இடத்தில் டிரம்ஸ் தனியாக ஒரு சுற்று வரும். கொஞ்ச காலமாகவே அந்த இடத்தில் தம்பியின் கை ஒரு கண்ணிமைப்பு பின்னால் விழும். பாடுகிறவர் சமாளித்துப் பாட்டைத் தூக்கி நிறுத்துவார். இன்றைக்கும் அந்த இடம் வந்தது. விழவில்லை. கச்சிதமாகத் திரும்பி, பாட்டு ஓடியது.

நன்றாக இருந்தது. அதுதான் அக்காவுக்கு வயிற்றெரிச்சல்.

கதவைத் தள்ளினாள்.

நாலு பேர் அவள் எதிர்பார்த்தவர்கள். பாட்டுக்காரர் மைனர், பளபள சட்டைக்காக அந்தப் பெயர். கிட்டார் வாசிக்கும் கம்பி, அவர் ஆளே கம்பிதான். கீபோர்டு வாத்தியார், பகலில் நிஜமாகவே கணக்கு வாத்தியார். மூலையில், காதில் ஹெட்போனோடு அவளுடைய சொந்தப் புருஷன்.

ஐந்தாவது ஆள் தம்பியின் டிரம்ஸுக்குப் பின்னால் இருந்தாள். முப்பது வயதிருக்கும், கண்ணாடி போட்டவள், நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுப்பவள் என்று பிறகு தெரிந்தது. எல்லோரும் வாசிப்பை நிறுத்திய பிறகும் அவள் மட்டும் விவரம் புரியாமல் இன்னும் இரண்டு அடி அடித்துவிட்டு நிமிர்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்கதானே முதல் வரிசை அக்கா? உங்களப் பத்தி இவங்க பேசாத நாளே இல்ல!"

"அப்படியா? எத்தனை நாளா பேசறாங்க?" என்றாள் அக்கா.

அந்தப் பெண்ணின் சிரிப்பு மெல்ல இறங்கியது. மைனர் குறுக்கே வந்தார். "நீ கீழ போயி எல்லாருக்கும் டீ சொல்லிட்டு வாம்மா."

அவள் போனாள். அறையில் ஒலிபெருக்கியின் 'ஊம்' மட்டும் மிச்சம்.

"உக்காருங்கக்கா, சொல்றேன்."

"நின்னுக்கிட்டே கேப்பேன். சொல்லு."

"இன்னிக்கு 'ஏழரை' முடியுது. அதுல பொய் இல்ல."

"சரி."

"கொஞ்ச நாள் கழிச்சு வேற பேர்ல ஒண்ணு ஆரம்பிக்கலாம்னு..."

"யார் யாரு?"

மைனர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கம்பியைப் பார்த்தார். கம்பி ஜன்னலைப் பார்த்தார். ஜன்னல் பாவம், அதற்கு ஒன்றும் தெரியாது.

"நாங்க மூணு பேரும். அந்தப் பொண்ணும்."

"சவுண்டு யாரு?"

சவுண்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றி, அதன் வயரை ரொம்பக் கவனமாகச் சுற்ற ஆரம்பித்தார். போன வாரம் ஒரு வாசகி, "அக்காவின் கணவர் மாதிரி வாயில்லாப் பூச்சி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தார். அம்மா, இந்த வாரம் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.

"ஆக, டயரைத் தவிர எல்லாரும்," என்றாள் அக்கா.

"அக்கா, அவன் கை போச்சு. உங்களுக்கே தெரியும். ஒண்ணா படிச்சோம், ஒண்ணா ஊர் சுத்தினோம். அவனைக் கூப்பிட்டு 'நீ போடா'ன்னு சொல்ல எங்க யாருக்கும் வாய் வரல. அவன் மட்டும் போனா அவனுக்கு அவமானம். எல்லாருமே போறோம்னா யாருக்கும் அவமானம் இல்ல பாருங்க. அதான்..."

மைனரின் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியிருந்தது. இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடிக்காததே அதுதான். கழுத்தை அறுக்க வருகிறவன் முறைத்துக்கொண்டு வந்தால் ஓடித் தப்பலாம். இவர்கள் அழுதுகொண்டே அறுக்கிறார்கள். நாம் அவர்கள் கண்ணைத் துடைத்துவிட வேண்டியிருக்கிறது.

"ஒருத்தனைக் கழட்டி விடறதுக்கு ஊரையே கூட்டி வச்சு அழுவீங்களா?"

"நீங்க இன்னிக்கு மேடையில பேசுங்கக்கா," என்றார் வாத்தியார், தணிந்த குரலில். "நீங்க பேசினா அவனுக்கு நிறைவா இருக்கும். நல்லபடியா அனுப்பி வச்ச மாதிரி இருக்கும்."

"அவன் இன்னும் சாகல, வாத்தியாரே."

சட்டையோடு திரும்பிப் படி இறங்கினாள்.

*

பின்னாலேயே சவுண்டுக்காரர் ஓடி வந்தார்.

"இந்தா, நில்லு. கொஞ்சம் கேளு."

"எனக்கு ஏங்க சொல்லல?"

"சொன்னா நீ அவன்கிட்ட சொல்லிருப்ப."

"சொன்னா என்ன? உங்க மச்சினன்தானே அவன்? உங்க ஸ்பீக்கரை முதுகுல சுமந்து இறக்கினவன்தானே?"

அவர் பேசவில்லை. வழக்கமாக அதோடு சண்டை முடிந்துவிடும். அவர் வாய் மூடிக்கொள்வார், அக்கா இன்னும் நாலு வார்த்தை சொல்லிவிட்டு ஓய்வாள், அப்புறம் இருவரும் சாப்பிடப் போவார்கள். இன்றைக்கு மனுஷன் வாயைத் திறந்தார்.

"ஆரம்பிச்சு வச்சது நீதான்."

"நானா?"

"அன்னிக்கு வண்டியில வரும்போது யாரு சொன்னது? 'மழைப் பாட்டுல தம்பி கை பின்னால விழுதுங்க, பாட்டே நொண்டுது'ன்னு?"

"உங்ககிட்ட சொன்னேன். கட்டின புருஷன்கிட்ட சொன்னேன்."

"நான் மைனர்கிட்ட சொன்னேன். அவங்களுக்கும் ரொம்ப நாளா சந்தேகம். நம்ம காதுதான் சரியில்லையோன்னு பேசாம இருந்தாங்க. நீயே சொல்லிட்டேன்னு தெரிஞ்சதும் முடிவு பண்ணிட்டாங்க. உன் காது சொன்னா அப்புறம் அப்பீல் ஏது?"

 அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

மைனரின் சுருதியை மைனரிடமே சொன்னவள். கம்பியின் கிட்டாரை, வாத்தியாரின் அவசரத்தை, எல்லாவற்றையும் நேரே போட்டு உடைத்தவள். தம்பியின் கையை மட்டும் தம்பியிடம் சொல்லவில்லை. கூடப்பிறந்தவன், மனசு நோகுமே என்று வாயை அடக்கிக்கொண்டாள். மேலே இருக்கிற மூன்று பேரும் சொன்ன அதே காரணம். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை, ஆனால் உண்மை அதுதான்.

"நான் போயி அவன்கிட்ட சொல்லப் போறேன்," என்றாள்.

"சொல்லு," என்றார் சவுண்டுக்காரர். "சொல்லிட்டு அவன் மூஞ்சியையும் நீயே பாரு."

*

மத்தியானம் அவள் போனபோது, டயர் கடையில் ஒரு சரக்கு வண்டி சக்கரம் இல்லாமல் ஜாக்கியின் மேல் நின்றது. உள்ளே காற்றுத் துப்பாக்கி 'டர்ர்' என்று நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தது. ரப்பர் வாசனை. தண்ணீர்த் தொட்டியில் ஒரு டியூப் முக்குளித்துக் குமிழி விட்டது. தம்பி வலது மணிக்கட்டில் கட்டுத்துணி சுற்றிக்கொண்டு, இடது கையால் காற்றுத் துப்பாக்கியைப் பிடித்திருந்தான். அவளைப் பார்த்ததும் அதை நிறுத்திவிட்டு எழுந்தான்.

"வந்துட்டியா? சட்டையை அந்த ஆணியில மாட்டுக்கா. இந்தக் கரிக் கையால தொட்டா சட்டை கறுப்பாயி, கச்சேரிக்கு முன்னாடியே துக்கம் கொண்டாடின மாதிரி ஆயிடும்."

மாட்டினாள்.

"தம்பி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நானும் ஒண்ணு சொல்லணும். நான் முதல்ல." குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டே பேசினான். முகத்தைப் பார்க்காமல் பேச அது வசதி. "இந்தக் கை ரொம்ப நாளா சரியில்லக்கா. மெஷின் பிடிச்சுப் பிடிச்சு மணிக்கட்டு மரத்துப் போகுது. டாக்டர் சின்ன ஆபரேஷன்தான், பண்ணிட்டா சரியாயிடும், ஆனா சில மாசம் குச்சியைத் தொடக் கூடாதுன்னாரு. கச்சேரியை விட்டுட்டு எப்படி? ஓட்டிக்கிட்டே வந்தேன்."

"வீட்ல யார்கிட்டயும் சொல்லலையே!"

"சொன்னா நீ விடுவியா? ஒவ்வொரு மேடையிலயும் உள்ளுக்குள்ள உதறல்க்கா. என்னால குழுவுக்குக் கெட்ட பேர் வந்துருமோ, ஒரு நாள் கூப்பிட்டு வச்சு 'போதும்டா, நீ கிளம்பு'ன்னு சொல்லிடுவாங்களோன்னு. தூக்கமே வராது."

கையை உதறினான். சிரித்தான்.

"நல்லவேளை, அதுக்குள்ள அவங்களுக்கே அலுத்துப் போச்சு. அழுகை வருது, இல்லைன்னு சொல்லல. காலையிலேர்ந்து மூணு வண்டிக்குத் தப்பான டயரை எடுத்துட்டேன். ஆனா ஒரே ஒரு ஆறுதல். நான் விழுந்து 'ஏழரை' உடையல. எல்லாரும் சேர்ந்து முடிக்கிறோம். அது போதும் எனக்கு."

அக்கா தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுவும் தவிர, கை அவ்வளவு மோசமா இருந்தா நீ சொல்லிருப்பியே?" என்றான் தம்பி. "மைனரையே விட மாட்ட. உன் காதுக்கு நான் தப்ப முடியுமா? நீ ஒண்ணும் சொல்லல, அப்ப வெளிய தெரியலன்னு தைரியமா இருந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, விளையாட்டாகக் கேட்கிற மாதிரி கேட்டான். "எங்கயாவது விழுந்துச்சாக்கா?"

புகார்த் தொலைபேசியில் ஒருவர் "நேத்தே பணம் கட்டிட்டேன்" என்று சொல்லும்போது அது பொய்யா மெய்யா என்று முதல் மூச்சிலேயே அக்காவுக்குத் தெரிந்துவிடும். இப்போது அவள் வாயிலிருந்தே வந்தது அந்தப் பொய்க் குரல்.

"இல்லடா. எங்கயும் விழல."

தம்பி பெருமூச்சு விட்டான். "சரி, நீ என்னமோ சொல்லணும்னியே?"

"சட்டையில மேல் பட்டன் லூசா இருக்கு. பார்த்துப் போடு."

வெளியே வந்து தெருமுனை வரைக்கும் வேகமாக நடந்தாள். அங்கே ஒரு மருந்துக் கடை சுவரில் 'ஏழரை'யின் கடைசிக் கச்சேரி விளம்பரம் ஒட்டியிருந்தது. நாலு பேரும் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்கள். அதைக் கிழிக்கக் கை போனது. கடைக்காரர் உள்ளேயிருந்து, "அக்கா, இன்னிக்கு நாங்க குடும்பத்தோட வர்றோம்! இடம் பிடிச்சு வைங்க!" என்று கத்தினார். கையை எடுத்துவிட்டாள்.

சரி, பேசாமல் இருந்துவிடுவோம் என்று முடிவு செய்தாள். அவனுக்குக் கிடைத்திருக்கிற ஒரே ஆறுதலைப் பிடுங்கி யாருக்கு என்ன லாபம்? இன்று அழுவான், நாளை ஆபரேஷன் செய்துகொள்வான், மெல்ல மறப்பான். புதுக் குழு வரும்போது வரட்டும், அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

*

அரங்கம் பழைய நகராட்சிக் கூடம். சாயந்தரம் ஆறுக்கெல்லாம் பாதி நிறைந்துவிட்டது.

தம்பி டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தவன் உடனே எழுந்தான். "மாமா, என் சீட்டை யாரு ஏத்துனது? முட்டி இடிக்குது."

"நான்தான்," என்றார் சவுண்டுக்காரர், கண்ணிமைக்காமல். "வண்டியில ஏத்தும்போது திருகு கழண்டுது. மாட்டிப் பார்த்தேன்."

"சொல்லிருக்கலாம்ல மாமா, நான் பண்ணிருப்பேனே" என்று தம்பி மண்டியிட்டுத் திருகை இறக்கிக்கொண்டான். முதல் வரிசையிலிருந்து அக்கா தன் புருஷனைப் பார்த்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் இந்த மனுஷன் இவ்வளவு சுலபமாகப் பொய் சொல்வார் என்று அவளுக்குத் தெரியாது. வேறு எதிலெல்லாம் சொல்லியிருப்பார் என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. அந்தக் கணக்கை இன்னொரு வாரம் பார்ப்போம்.

ஏழரைக்கு விளக்கு அணைந்தது. கூட்டம் எழுந்து நின்று கத்தியது. பேருந்து ஓட்டுநர் யூனிபாரத்தோடு வந்திருந்தார். பள்ளிக்கூடத்து டீச்சர்கள் ஒரு வரிசையை வளைத்துப் போட்டிருந்தார்கள். மூன்றாவது வரிசையில் அந்த நீச்சல்காரப் பெண்கூட உட்கார்ந்து, மனசாரக் கை தட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு யாரும் முழுக் கதையைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பாட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. அக்காவுக்கு ஒவ்வொன்றும் ஒரு வருஷம். வேலைக்குச் சேர்ந்த வருஷத்துப் பாட்டு. பெண் பார்க்க வந்தவர் ஒலிபெருக்கிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த வருஷத்துப் பாட்டு. குழந்தைக்கு வாய்ப்பில்லை என்று டாக்டர் சொன்ன வாரம், வீட்டில் இருக்க முடியாமல் இதே கூடத்துக்கு வந்து உட்கார்ந்து கேட்ட பாட்டு. அன்றைக்கு அந்தப் பாட்டுதான் அவளை எழுப்பி வீட்டுக்கு அனுப்பியது.

எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் கரி பூசிவிட்டார்களே என்று ஆத்திரமாக வந்தது. குழு கலைந்தால் பாட்டாவது மிஞ்சும். இனி இந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் அந்த மாடி அறைதானே கண்ணில் நிற்கும்?

மழைப் பாட்டு வந்தது. அந்த இடமும் வந்தது. தம்பியின் கை பின்னால் விழுந்தது. மைனர் தூக்கி நிறுத்தினார். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. தம்பி மட்டும் முதல் வரிசையைப் பார்த்தான். அக்கா சிரித்துத் தலையாட்டினாள்.

*

கடைசிப் பாட்டுக்கு முன்னால் ரசிகர்கள் சார்பில் அக்கா பேச வேண்டும். அவளைக் கூப்பிட மைனர் மைக்கை எடுத்தபோது, தம்பி எழுந்து வந்து அதை வாங்கிக்கொண்டான். மேடையில் அவன் பேசி யாரும் பார்த்ததில்லை. கூட்டம் ஆரவாரம் செய்தது.

"எனக்குப் பேச வராது," என்றான். "அடிக்கத்தான் வரும்."

சிரிப்பு.

"கையில கொஞ்சம் பிரச்சனை. இப்பதான் கச்சேரி இல்லையே, அடுத்த மாசம் ஆபரேஷன் பண்ணிக்கப் போறேன். டாக்டர் சரியாயிடும்னு சொல்லிருக்காரு. சரியானதும் இவங்க மூணு பேர் வீட்டு வாசல்லயும் போயி உக்காருவேன். கையைக் காலைப் பிடிச்சாவது திரும்பக் கூட்டிட்டு வருவேன். இதே மேடை, இதே ஏழரை மணி. நீங்க வருவீங்களா?"

கூடமே "வருவோம்!" என்று அலறியது. மைனரின் முகத்தில் சிரிப்பு ஒட்டிக்கொண்டு நின்றது.

"மைனர், இங்க வா. ஜனங்க முன்னாடி சொல்லு. நான் வர்ற வரைக்கும் வேற யார்கூடயும் வாசிக்க மாட்டோம்னு சொல்லு."

இந்த ஒரு இடத்தில் அந்த மனிதர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். மழுப்பியாவது இருக்கலாம். ஒரு வார்த்தை, நேரில் கூப்பிட்டு "உன் கைக்கு என்னடா?" என்று முன்பே கேட்டிருந்தால், இந்நேரம் ஆபரேஷன் முடிந்து அவன் மறுபடி வாசித்துக்கொண்டே இருந்திருப்பான். ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கம்பி ஏற்கெனவே சுருதி சேர்த்த தந்தியை மறுபடி முறுக்கிக்கொண்டிருந்தார். வாத்தியார் தரையைப் பார்த்தார்.

மைனர் மைக்கின் பக்கம் குனிந்தார். "சத்தியமா," என்றார்.

தம்பி அவரைக் கட்டிக்கொண்டான். "அக்கா, மேல வா! நீ பேசு!"

அக்கா படி ஏறி வந்தாள்.  மத்தியானம் எடுத்த முடிவெல்லாம் அந்த ஒரு 'சத்தியமா'வில் போயிற்று. பேசாமல் இருந்தால் ஆறுதல் என்று நினைத்தாளே, இனி அது ஆறுதல் இல்லை. இவன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பான். புதுப் பெயரில் விளம்பரம் ஒட்டுவார்கள். டயர் கடைக்கு வருகிற ஒவ்வொருவனும், "என்னப்பா, உன்னை விட்டுட்டு ஆரம்பிச்சுட்டாங்களாமே?" என்று கேட்பான். ஊர் முன்னால் கேட்டு வாங்கிய சத்தியம், ஊர் முன்னால் சிரிப்பாய்ச் சிரிக்கும்.

தம்பி மைக்கை அவள் கையில் கொடுத்துப் பக்கத்திலேயே நின்றான்.

"எல்லாருக்கும் வணக்கம்," என்றாள். குரல் கூடம் முழுக்க ஒலித்தது. "நான் எழுதிக்கிட்டு வந்ததைப் பேசப் போறதில்ல. இந்தச் சத்தியம்..."

சட்டென்று அவள் குரல் சின்னதாகிவிட்டது. மைக் செத்துப்போயிருந்தது. அக்கா கூடத்தின் கடைசிக்குப் பார்த்தாள். அங்கே ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பெட்டிக்குப் பின்னால் சவுண்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் விரல் அவளுடைய மைக்கின் குமிழைக் கீழே இறக்கி, அங்கேயே அழுத்திப் பிடித்திருந்தது. தலையை மெல்ல ஆட்டினார். வேண்டாம்.

அவள் நிறுத்தவில்லை.

"இந்தச் சத்தியம் பொய். இவங்க யாரும் போகல தம்பி. உன்னை மட்டும்தான் அனுப்பறாங்க. புதுசா ஆள் பிடிச்சாச்சு. வேற பேர்ல இவங்களேதான் வாசிக்கப் போறாங்க."

கூடத்துக்குக் கேட்கவில்லை. அவள் உதடு அசைவதும் கண்ணில் நீர் வழிவதும் மட்டும் தெரிந்தது. பாவம், அழுகையில் பேச்சு வரவில்லை போலும் என்று ஜனங்கள் உருகிப்போனார்கள். மருந்துக் கடைக்காரர் எழுந்து நின்று கை தட்டினார். எல்லோரும் எழுந்தார்கள். கைதட்டல் கூரையைப் பிளந்தது.

பக்கத்தில் நின்ற தம்பிக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அவன் மைனரைப் பார்த்தான். மைனர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

"உனக்கு எப்பக்கா தெரியும்?" என்றான். கைதட்டலுக்கு நடுவே அவள் காதுக்கு மட்டும் கேட்டது.

"காலையில."

"மத்தியானம் கடைக்கு வந்தப்பவே தெரியுமா?"

அக்கா உதட்டைக் கடித்தாள். "தெரியும்."

"கை விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. ரொம்ப நாளா."

தம்பி தலையாட்டினான். கோபப்பட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"அப்ப நீயும் இந்தக் குழுவுலதான் இருந்திருக்க," என்றான். "கீழ போயி உக்காருக்கா. ஜனங்க காத்திருக்காங்க."

அவள் கையிலிருந்து மைக்கை வாங்கி ஸ்டாண்டில் மாட்டினான். யாரையும் பார்க்காமல் டிரம்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். இரண்டு குச்சியையும் தட்டி, கடைசிப் பாட்டுக்கு எண்ண ஆரம்பித்தான்.